மூடியில் கட்டிய கூடு: ஒரு தாவும் சிலந்தியும் மூன்று முட்டைப்பைகளும்

பின்னணி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தின் நடுப்பகுதியில் வசிக்கும் ஒரு கல்லூரி மாணவி, அக்டோபர் 8 அன்று வீட்டுத் தோட்டத்துச் சபால் பனையின் காய்ந்த மட்டை இடுக்கிலிருந்து ஒரு தாவும் சிலந்தியைப் பிடித்து வளர்க்கத் தொடங்கினார். ஃபிடிப்பஸ் ரீஜியஸ் என்ற இனம். தென்கிழக்கு அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் இதன் சொந்த நிலம். வலை விரித்து இரைக்குக் காத்திருக்கும் வகையல்ல. பகலில் பார்த்துப் பாய்ந்து பிடிக்கும், இரவில் தானே நெய்த பட்டுக் கூட்டுக்குள் உறங்கும். தலையைத் திருப்பி ஆளை உற்றுப் பார்க்கும் பழக்கம் இதற்கு உண்டு. வளர்ப்புச் சிலந்திகளில் இது இவ்வளவு விரும்பப்படுவதற்கு அந்தப் பார்வைதான் பெரிய காரணம்.

பிடிபட்டது சுமார் 15 மி.மீ. நீளமுள்ள பெண். வயிற்றில் ஆரஞ்சு நிறம், கடிதாடைகளில் பச்சையும் ஊதாவும் கலந்த மினுமினுப்பு. 10×10×20 செ.மீ. அக்ரிலிக் பெட்டி ஒன்றில் விடப்பட்டது. பெட்டியின் கதவு மேலே இருந்தது, அதாவது மூடியேதான் கதவு. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கொடி, அடியில் காகிதத் துண்டு. வாரத்துக்கு இரண்டு நீல ஈ, ஒருநாள் விட்டு ஒருநாள் சுவரில் தண்ணீர்த் தெளிப்பு. அறை வெப்பம் பகலில் 25 டிகிரி செல்சியஸ், இரவில் 20 முதல் 21 வரை. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த மூடியைத் தவிர.

முதல் கூடு: அக்டோபர் 17 முதல் நவம்பர் 2 வரை

ஒன்பதாம் நாள், மூடியும் சுவரும் சேரும் மூலையில் வெள்ளையாக ஒரு கூடு தெரிந்தது. தாவும் சிலந்திகள் இருப்பதிலேயே உயரமான இடத்தைத்தான் தேடிப்போகும், மேல்கதவுப் பெட்டியில் அந்த உயரமான இடம் கதவேதான். மூன்று நாளில் கூடு தடித்து ஒளி ஊடுருவாதபடி ஆனது. சிலந்தி வெளியே வரவில்லை, ஈயையும் தொடவில்லை.

சிலந்தி தோலுரிக்கப் போகிறது என்று மாணவி நினைத்தார். புதிதாக வளர்ப்பவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. தோலுரிக்கும் முன்பும் சிலந்தி கூட்டை மூடிக்கொள்ளும், இரையை மறுக்கும். வேறுபாட்டைச் சிலந்தியின் உடலில் பார்க்க வேண்டும். வயிற்றின் அடிப்பக்கத்தில், முன்பாதியில், கருமையான சிறு தகடு ஒன்று தெளிவாகத் தெரிந்தால் அது முதிர்ந்த பெண். இந்தக் குடும்பத்துப் பெண்கள் முதிர்ந்தபின் தோலுரிப்பதில்லை. ஆகவே முதிர்ந்த பெண் கூட்டைத் தடிமனாக மூடிக்கொண்டு நாள்கணக்கில் உள்ளே இருந்தால் முதலில் முட்டையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிடித்த அன்று எடுத்த படங்களில் ஒன்றில் அந்தத் தகடு நன்றாகவே தெரிந்தது. அது என்னவென்று சொல்ல அப்போது அருகில் ஆளில்லை.

அக்டோபர் 24 அன்று தண்ணீர் தெளிப்பதற்காக மூடி திறக்கப்பட்டது. கூட்டின் பாதி மூடியோடு போனது, மீதி சுவரோடு நின்றது. கிழிந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தாய் அவற்றின் மேலேயே குந்தியிருந்தது, ஓடவில்லை. மூடியை மெதுவாக வைத்துவிட்டு விளக்கை அணைத்தார் மாணவி. காலையில் பார்த்தால் கிழிசல் முழுதும் புதுப் பட்டால் தைக்கப்பட்டிருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் அந்தப் பை பிழைத்திருக்கக்கூடும். ஆனால் பத்து நாள் சாப்பிடாத சிலந்தி இறந்துவிடுமோ என்ற கவலையில், அக்டோபர் 27 அன்று மூடியின் மறுபக்கத்தைத் தூக்கி ஒரு சிறு கிரிக்கெட் பூச்சியை உள்ளே விட்டார். கூடு இரண்டாம் முறை இழுபட்டது. கிரிக்கெட் இரவெல்லாம் சுவரேறிக் கூட்டை மோதியது. கிரிக்கெட்டுக்குப் பசித்தால் முட்டையையும் கடிக்கும், அசையாமல் கிடக்கும் சிலந்தியையும் கடிக்கும். 29 அன்று காலை முட்டைக் குவியலில் பெரும்பகுதியைக் காணோம். தாயே தின்றிருந்தது.

தாய் முட்டையைத் தின்பதைக் கொடூரம் என்று பார்க்க வேண்டியதில்லை. பாதுகாப்பில்லை என்று ஆகிவிட்ட இடத்தில், தான் இட்ட சத்தில் கொஞ்சத்தையாவது மீட்டுக்கொண்டு, அடுத்த பைக்கு உடம்பைத் தேற்றிக்கொள்கிறது. நவம்பர் 2 அன்று கூட்டைவிட்டு இறங்கியது. மிஞ்சிய முட்டைகள் சுருங்கியும் பூஞ்சை பூத்தும் கிடந்தன.

ஆண் இல்லாமல் முட்டை எப்படி?

மாணவி அனுபவமுள்ள ஒரு வளர்ப்பாளரை அணுகியது இந்தக் கட்டத்தில்தான். ஆண் இல்லாமல் முட்டை எப்படி என்பதுதான் மாணவி கேட்ட முதல் கேள்வி. வீட்டில் ஆண் சிலந்தியே கிடையாது.

பெண் சிலந்தி ஒருமுறை இணைந்தால் விந்தணுவை உடலுக்குள் தனிப் பைகளில் சேமித்துவைக்கும். அதைக்கொண்டு, இடையில் வேறு இணைசேராமலே, பல முட்டைப்பைகளை இடும். இலையுதிர் காலத்தில் வெளியிலிருந்து பிடிக்கப்படும் முதிர்ந்த பெண் பெரும்பாலும் ஏற்கனவே இணைந்ததாகவே இருக்கும். எனவே முதல் பை போனாலும் இரண்டாவது வரும், அதற்கு ஆயத்தமாக வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. இணையாத பெண்ணும் முட்டையிடும், ஆனால் அவை பொரியாது.

காட்டுப் பெண்ணில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மான்டிஸ்பிட் என்னும் பூச்சியினத்தில் சிலவற்றின் இளம்புழுக்கள் பெண் சிலந்தியின் உடலில் தொற்றியிருந்து, அது முட்டைப்பை நெய்யும்போது உள்ளே புகுந்து முட்டைகளை உறிஞ்சிவிடும். கிழிந்த முதல் பையை உருப்பெருக்கியில் பார்த்ததில் புழு எதுவும் இல்லை. பழுதுக்குக் காரணம் மூடியும் கிரிக்கெட்டும்தான் என்பது உறுதியானது.

தேற்றுதலும் இடமாற்றமும்

தாயின் வயிறு வற்றிச் சுருக்கம் விழுந்திருந்தது, நடை தளர்ந்திருந்தது. சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு, பெரிய மூட்டுகளை நீட்டுவதோ உடல்திரவத்தின் அழுத்தத்தால். நீர் வற்றினால் அந்த அழுத்தம் குறைந்து கால்கள் உள்நோக்கி மடங்கத் தொடங்கும். கால் மடங்கிய சிலந்தியைக் கண்டால் இரை தேடி ஓடக்கூடாது, முதலில் தண்ணீர்.

2-ஆம் எண் தூரிகையின் நுனியில் ஒரு துளி எடுத்து வாய்க்கு முன்னே நீட்டப்பட்டது. சில நொடி அசைவில்லை. பிறகு முன் உணர்கால் இரண்டும் துளியைத் தொட்டன, கடிதாடைகள் விரிந்தன, துளி கண்ணெதிரே சிறுத்தது. மூன்று துளி குடித்தது. இரையை மறுநாள்தான் கொடுத்தார்கள்: ஒரு நீல ஈ, இறக்கை கிள்ளியது. அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓர் ஈ. வயிறு தலைப்பகுதியைவிடச் சற்று அகலமாகும் வரை இது தொடர்ந்தது.

நவம்பர் 6 அன்று பெட்டி மாற்றப்பட்டது. மாற்றங்கள் நான்கு.

கதவு முன்பக்கத்தில், கீழ்ப்பாதியில் இருக்கும் பெட்டி. மேல்பகுதியை இனி யாரும் திறக்கத் தேவையில்லை.

மேலிருந்து 3 செ.மீ. கீழே, பின்சுவரில் வளைந்த கார்க் மரப்பட்டைத் துண்டு ஒன்று சாய்த்து ஒட்டப்பட்டது. பட்டைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. கூட்டுக்கு நாமே இடம் ஒதுக்கித் தருகிறோம் என்பது இதன் நோக்கம்.

காற்றுத்துளைகள் 1 மி.மீ. அளவில் இருந்தன. பெரிய சிலந்திக்கு அது போதும், குஞ்சு அதில் தாராளமாக நுழைந்து போய்விடும். உள்பக்கம் மிக நுண்ணிய எஃகு வலை ஒட்டப்பட்டது. கதவு விளிம்பில் மெல்லிய பஞ்சுப் பட்டை. இதைக் கூடு கட்டிய பிறகு செய்ய முடியாது. ஆகவே முன்னதாகவே முடித்தார்கள்.

பெட்டி ஓரம் 1 செ.மீ. துளை ஒன்று, அதற்குத் தக்கை. ஈயை இனி இந்த வழியாகவே விடுவது.

கொசு மருந்து, நாய் உண்ணி மருந்து எதுவும் அந்த அறையில் பயன்படுத்தக்கூடாது என்றும் முடிவானது. அந்த வீட்டில் நாய் இருந்தது. உண்ணியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும்.

இரண்டாவது முட்டைப்பை: நவம்பர் 24 முதல் டிசம்பர் 31 வரை

நவம்பர் 24 அன்று கார்க் பட்டைக்குப் பின்னால் கூடு எழுந்தது. 26 காலையில் தாயின் வயிறு ஒரே இரவில் பாதியாக வற்றியிருந்தது. அந்த நாளையே முதல் நாளாகக் கணக்கு வைத்தார்கள். சுவரோரமாகப் பார்த்தால், தூளி கட்டியதுபோல் இரண்டு பட்டு அடுக்குகளுக்கு நடுவே தட்டையாக முட்டைப்பை, அதன்மேல் எட்டுக் காலையும் பரப்பிக்கொண்டு தாய்.

இந்தக் காலத்தில் செய்ய வேண்டியது குறைவு. இரண்டு நாளுக்கு ஒருமுறை, கூட்டுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் இரண்டு அழுத்துத் தெளிப்பு. கூட்டின்மேல் ஒரு துளியும் படக்கூடாது. நனைந்த பட்டில் காற்று புகாது, பூஞ்சை பிடிக்கும். ஐந்து நாளுக்கு ஒரு சிறு ஈ தக்கைத் துளை வழியே உள்ளே போனது, 24 மணி நேரத்தில் தின்னாவிட்டால் வெளியே எடுக்கப்பட்டது. தாய் 35 நாளில் தின்றது இரண்டே ஈ. சில தாய்கள் ஒன்றும் தின்னாது. இட்ட நாளன்று நல்ல உடம்போடு இருந்த பெண் இந்தப் பட்டினியைத் தாங்கும். தண்ணீர் மட்டும் தவறக்கூடாது. குளிரூட்டி ஓடும் அறையில் காற்று எதிர்பாராத அளவுக்கு உலர்ந்துவிடும்.

முட்டை கருவுற்றதா என்று பார்க்கக் கூட்டைப் பிரிப்பதா என்ற கேள்வி 15-ஆம் நாள் எழுந்தது. பிரிக்கவில்லை. டாரன்டுலா வளர்ப்பவர்கள் தாயிடமிருந்து பையை எடுத்துத் தனியே அடைகாப்பது வழக்கம். தாவும் சிலந்தியில் அதற்கு அவசியமே இல்லை, தாயைவிட நன்றாக நம்மால் பார்த்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதில் வாரம் ஒருமுறை, கைபேசி டார்ச்சை மெல்லிய காகிதம் சுற்றிப் பக்கவாட்டில் பிடித்து, பத்து நொடி மட்டும் பார்த்தார்கள். 22-ஆம் நாள், அதாவது டிசம்பர் 17, வட்ட நிழல்களின் இடத்தில் கால் முளைத்த வெளிறிய உருவங்கள் தெரிந்தன. இந்தப் பருவத்தில் அவை நடக்காது, தின்னாது, முட்டைக்கருவின் மிச்சத்தில்தான் வாழும். இன்னும் தோலுரித்துக் கறுத்து, கண் தெரியத் தொடங்கிய பிறகே கூட்டைவிட்டு இறங்கும். நிழல் அசைகிறது என்று இப்போது கூட்டைத் திறந்தால் அத்தனையும் வீண்.

தீனிக் கணக்கில் விழுந்த ஓட்டை

கூட்டைவிட்டு இறங்கும் குஞ்சு 2 முதல் 3 மி.மீ. தான். அதற்கு ஏற்ற இரை சிறிய பழ ஈ, அதாவது பறக்க முடியாத மெலனோகாஸ்டர் வகை. பெரிய ஹைடெய் வகை இந்த வயதுக்கு முரடு. மெலனோகாஸ்டர் வளர்ப்புக் குப்பியில் 25 டிகிரியில் முதல் தலைமுறை வெளிவர ஏறத்தாழ 12 நாள் ஆகும். அதன்பின் இரண்டு மூன்று வாரம் ஈ தரும், பிறகு ஓய்ந்துவிடும். ஆகவே குஞ்சு இறங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, வாரத்துக்கு ஒன்றாகக் குப்பிகளைத் தொடங்க வேண்டும்.

இங்கே டிசம்பர் 15 அன்று இரண்டு குப்பிகள் ஒரே நாளில், ஒரே தாய்க்குப்பியிலிருந்து (தொடக்க ஈக்களை எடுக்கும் பழைய குப்பி) தொடங்கப்பட்டன. இரண்டு இருக்கிறதே என்ற நிம்மதியில் மூன்றாவது தொடங்கவில்லை. பின்னால் நடந்த இழப்பில் பெரும்பகுதிக்கு இந்த முடிவே வேர்.

குஞ்சுகள்: டிசம்பர் 31 முதல் பிப்ரவரி வரை

36-ஆம் நாள் கூட்டின் விளிம்பில் முதல் கரும்புள்ளி வந்து நின்றது. நான்கு நாளில் எல்லாம் வெளிவந்தன. படமெடுத்துப் படத்தில் புள்ளிவைத்து எண்ணியதில் 64. உயிருள்ளவற்றை நேரே எண்ண முயல்வது வீண் வேலை, நிற்காது.

ஜனவரி 3 அன்று தாய் வேறு பெட்டிக்கு மாற்றப்பட்டது. தாய் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்ற பயத்தால் அல்ல, முதல் நாட்களில் அது குஞ்சுகளைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மெலிந்த தாய்க்குப் பெரிய ஈ கொடுக்க வேண்டும், குஞ்சுகளோடு வைத்து அது முடியாது.

64 குஞ்சுகளையும் உடனே பிரிப்பதா, சேர்த்தே வைப்பதா? இரண்டாம் பருவக் குஞ்சுகள் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நிலைதான் ஒரு பருவம்) ஒன்றையொன்று பெரும்பாலும் சகித்துக்கொள்ளும், சில சமயம் ஒரே ஈயை இரண்டு மூன்று சேர்ந்து தின்னும். இரண்டு வாரம் சேர்த்து வைத்தால் தீனி போடுவதும் எளிது. இந்த நியாயத்தில் சேர்த்தே வைத்தார்கள். நாளுக்கு 60 முதல் 80 பழ ஈ. முதல் பத்து நாள் ஓர் இழப்பும் இல்லை. வயிறு உப்பி, சுவரெங்கும் சிறு சிறு உறக்கக் கூடுகள்.

ஜனவரி 12 அன்று இரண்டு குப்பிகளும் சேர்ந்தாற்போல் படுத்துவிட்டன. ஈக்களின் தீனிக் கூழ் நீர்த்திருந்தது, கண்ணாடியில் மாவு தூவியதுபோல் பூச்சிப்பேன் ஊர்ந்தது. தாய்க்குப்பியில் இருந்த பேன் இரண்டுக்கும் ஒன்றாகவே போயிருந்தது. புதிய ஈ வாங்கி வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில், முந்தித் தோலுரித்து மூன்றாம் பருவத்துக்குப் போன குஞ்சுகள், பிந்தியவற்றை வேட்டையாடின. ஜனவரி 16 அன்று பிரிக்கும்போது எஞ்சியவை 49.

ஒவ்வொன்றும் 60 மில்லி பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் போனது. மூடியில் மெல்லிய ஊசியால் குத்திய எட்டுத் துளைகள், அடியில் நாணய அளவு காகிதத் துண்டு, ஏறிக் கூடு கட்ட ஒரு காய்ந்த குச்சி. மாற்றும் முறை இது: தூரிகை நுனியால் பின்காலைத் தொட்டால் குஞ்சு முன்னே தாவும். தாவும்போதெல்லாம் பின்னால் ஓர் இழையை ஒட்டிவிட்டே தாவும். தவறிக் கீழே பாய்ந்தாலும் அந்த இழையில் தொங்கும். அப்போது குஞ்சைத் தேடக்கூடாது, இழையைத் தூரிகையில் சுற்றிக் கிண்ணத்துக்குள் இறக்கினால் போதும்.

கிண்ணத்தில் எட்டு குஞ்சுகள் இறந்தன. மூன்று, சுவரில் திரண்ட பெரிய நீர்த்துளியில் சிக்கி. பெரிய சிலந்திக்குப் பயன்பட்ட அதே தெளிப்பானால் தெளித்ததன் விளைவு. நுண்பனி போல் தூவும் தெளிப்பான் மாற்றியபின் அந்த வகை இழப்பு நின்றது. இரண்டு, தோலுரிக்கும்போது கால் சிக்கி. மூன்றுக்குக் காரணம் தெரியவில்லை. கூட்டை மூடிக்கொண்டு உள்ளே இருக்கும் குஞ்சின் கிண்ணத்தில் உயிருள்ள ஈயை விட்டுவைக்காதது நல்ல வழக்கமாக இருந்தது.

மூன்றாவது பை

தாய் மூன்று வாரம் நன்றாகத் தின்று, ஜனவரி 28 அன்று மீண்டும் இட்டது. பை முந்தையதைவிடச் சிறியது. 22-ஆம் நாள் டார்ச் வெளிச்சத்தில் கால் தெரியவில்லை, 30-ஆம் நாளும் தெரியவில்லை. முட்டைகள் நிறம் மங்கிக் குழிந்தன. சேமித்த விந்து தீரத் தீரப் பின்வரும் பைகள் சிறுத்தும் பொரியாமலும் போவது எதிர்பார்க்கக்கூடியதே. இருந்தும் பையை எடுக்கவில்லை, தாய் தானாக விட்டுவிலகட்டும் என்று காத்தார்கள். மார்ச் 9 அன்று, 41-ஆம் நாள், அது இறங்கி வந்து தண்ணீர் குடித்தது. அதன்பிறகே வெற்றுப் பை அகற்றப்பட்டது.

முடிவு நிலவரம்

41 குஞ்சுகள் பிழைத்தன. 5 மாணவியிடம் தங்கின, 12 அதே ஊரில் வளர்ப்பு தெரிந்தவர்களுக்குத் தரப்பட்டன. மீதி 24, பிப்ரவரி இறுதியில் வெயிலான ஒரு நாளில், தாய் பிடிபட்ட அதே பனையைச் சுற்றியுள்ள புதரில் விடப்பட்டன. விட்டது ஏற்கத்தக்கதாக இருந்ததற்குக் காரணங்கள்: இனம் அந்த மண்ணுக்கே உரியது, தாய் அதே தோட்டத்தது, வாங்கிய சிலந்தி எதனோடும் இவை கலக்கவில்லை. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வெளியே விடக்கூடாது. வேறு நாட்டில் கடையில் வாங்கி வளர்ப்பவர்களுக்கு அந்த வழியே கிடையாது. வைத்துக்கொள்ளவோ கொடுக்கவோ ஆளில்லையென்றால், கூடு கட்டிய முதல் நாட்களிலேயே முட்டைப்பையை எடுத்து உறையவைத்துவிடுவது குஞ்சுகளைப் பட்டினி போடுவதைவிட எவ்வளவோ மேல்.

தாய் ஏப்ரல் கடைசியில் இறந்தது. கடைசி இரண்டு வாரம் சுவரேற முடியாமல் தரையிலேயே இருந்தது. தண்ணீரைத் தூரிகையில் கொடுத்தார்கள், ஈயை நசுக்கி வாயருகே வைத்தார்கள். முதுமை, நோயல்ல.

அடுத்த முறை மாறுபவை

மேல்கதவுப் பெட்டி தாவும் சிலந்திக்கு வேண்டவே வேண்டாம். ஏற்கனவே இருப்பது அதுதான் என்றால், காலிப் பெட்டியையே தலைகீழாகக் கவிழ்த்து, மூடி கீழே வரும்படி வைத்துப் பயன்படுத்தலாம். கூடு மூடியில் வந்துவிட்ட பிறகு தெரிந்தால், மூடியைத் தொடாமல் பக்கச்சுவரில் சூடான கம்பியால் 1 செ.மீ. துளையிட வேண்டும். புகை உள்ளே போகாதபடி வெளிப்பக்கம் விசிறிக்கொண்டே மெதுவாகச் செய்வது முக்கியம். அதற்குத் தைரியம் வராவிட்டால், மூடி இடுக்கில் மெல்லிய அட்டையைச் செருகி, கூட்டின் மூடிப்பக்கப் பட்டு இழைகளை முதலில் அறுத்து விடுவித்துவிட்டுத் திறக்கலாம். இது இரண்டாம்தர வழி, ஒருமுறைக்கு மேல் செய்யக்கூடாது.

ஈக்குப்பிகள் மூன்று, ஒரு வார இடைவெளியில், குறைந்தது இரண்டு வெவ்வேறு தாய்க்குப்பிகளிலிருந்து. 30 நாள் கடந்த குப்பி எவ்வளவு ஈ தந்தாலும் வெளியே போக வேண்டும். குப்பிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்காமல் தனித்தனித் தட்டில் வைத்தால் பேன் தாவுவது குறையும்.

பிரிக்கும் நாளைக் காலண்டர் பார்த்து முடிவுசெய்ததும் தவறு. சேர்ந்திருக்கும் குஞ்சுகளில் முதலாவது தோலுரித்து அளவில் பெரிதாகத் தெரியும் அன்றைக்கே பிரிக்கத் தொடங்க வேண்டும். அந்த அடையாளம் ஜனவரி 9 அன்றே படங்களில் இருந்தது. 64 கிண்ணங்களுக்கும் துளையிட்டுத் துண்டுபோட ஒரு மாலைப்பொழுது போய்விடும். அதைக் கூட்டுக்குள் நிழல் அசையும் வாரத்திலேயே முடித்து அடுக்கிவைத்தாயிற்று என்றால், பிரிக்க வேண்டிய நாளில் கையில் தூரிகை மட்டும் இருந்தால் போதும்.